கொம்பில் மாட்டிய சங்கீதம்

காதுகுத்து அன்றைக்குத் தாய்மாமனின் கை அவன் கையே இல்லை. ஒருத்தர் மாலையைத் திணிப்பார், ஒருத்தர் தாம்பாளத்தைத் திணிப்பார், வருகிறவர்களையெல்லாம் கும்பிட வேண்டும். இது உறைக்காமல்தான், கையசைத்தே பாட்டு வாசிக்கும் பட்டைகளை இரண்டு மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டு அக்கா மகன் காதுகுத்துக்குப் போய் இறங்கினேன்.

பட்டைக்கும் ஸ்பீக்கருக்கும் ஒயர் கிடையாது. கையைத் தூக்கினால் உறுமி, உதறினால் வேகம், இரண்டு கையும் சேர்ந்தால் வேட்டுப் போட்ட மாதிரி ஒரு அடி. திண்டுக்கல்லில் என் அறையில் விடாமல் ஒத்திகை பார்த்தேன். (அறையில் கும்பிட ஆள் இல்லை. அதுதான் வினை.) என்னை நம்பி அக்கா, "எந்தம்பி மியூசிக்கு முன்னாடி மேளமெல்லாம் நிக்காது" என்று மாமியாரிடம் சவால் விட்டு, சொல்லி வைத்த மேளத்தையே நிறுத்திவிட்டாள். அவள் மானம் முழுக்க என் மணிக்கட்டில் இருந்தது.

நத்தம் பக்கம் அவர்கள் குலசாமி கோயில். முதலில் எதிரே வந்தவர் அக்காவின் மாமியார். பவ்யமாகக் கும்பிட்டேன். டமார். பூத்தட்டைக் கீழே போட்டுவிட்டார். பதறிப்போய், மன்னிப்புக் கேட்க மறுபடி கும்பிட்டேன். (எனக்கு அறிவு அம்புட்டுத்தான்.)

"ஏலே, கும்பிடாம இருடா," என்றாள் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு.

கும்பிடாமல் நின்றால், "மாமனுக்கு இம்புட்டுத் திமிரா?" என்று பங்காளிகள் முணுமுணுத்தார்கள்.

அடுத்தது மாமன் சீராக நான் கொண்டுவந்த கிடா. தண்ணீர் தெளித்ததும் அது உடம்பைச் சிலிர்த்துத் துளுக்க வேண்டும். துளுக்கினால்தான் சாமி உத்தரவு, அப்புறம்தான் வெட்டு, அப்புறம்தான் பிரியாணி. என் டமாரில் மிரண்ட கிடாவோ கல்லாக நின்றது. குடம் குடமாக ஊற்றியும் அசையவில்லை. மாமியார் அக்காவை ஒரு பார்வை பார்த்தார்.

"அப்பு, மொதல்ல அந்தக் கருமத்தக் கழட்டு," என்றார் பூசாரி.

கழற்றினேன். சட்டையில்லாத உடம்பு, புது வேட்டி, பை ஏது? கொம்புக்கு ஒன்றாகக் கிடாவிலேயே மாட்டிவிட்டேன். சுவிட்சை அணைக்கத் தோன்றவில்லை.

அடுத்த குடத்துக்குக் கிடா துளுக்கியது. உறுமி கிளம்பியது. அந்தச் சத்தத்துக்கு மிரண்டு மறுபடி உதறியது, உறுமி இன்னும் வேகமானது. (உண்மையைச் சொன்னால், நான் ஒருநாளும் அப்படி வாசித்ததில்லை.) கயிற்றை அறுத்துக்கொண்டு மல்லிகைத் தோட்டத்துக்குள் பாய்ந்தது. தூரம் போனால் ஸ்பீக்கர் அடங்கும், கிட்டத்தில் வந்தால் முழங்கும். "வந்துருச்சு, வந்துருச்சு" என்று சனமே எழுந்து ஓடும். எந்தப் பக்கம் என்று மட்டும் ஸ்பீக்கருக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிடித்து வந்ததும் பூசாரி அரிவாளைக் கீழே வைத்தார். "துளுக்குனது சாமி சொல்லியா, மிஷினு சொல்லியா? வெளங்காம நான் வெட்ட மாட்டேன்."

கிடாவைக் கோயிலுக்கே நேர்ந்துவிட்டார்கள். கறிக்கு வந்த சனம் குஸ்காவும் கத்தரிக்காயும் தின்றது. அக்கா தலை நிமிராமல் பரிமாறினாள். பார்க்க எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது அக்காவின் இரண்டாவது பிள்ளைக்குக் காதுகுத்து. மாமியாரே போன் செய்தார்.

"அப்பு, மேளம் சொல்லியாச்சு. நீ கையக் கட்டிக்கிட்டு வந்தாப் போதும்."

"அந்தக் கிடா இருக்கா அத்தை?"

"கோயில் வாசல்லதான் கெடக்கு. எவன் ரெண்டு கையச் சேத்தாலும் தோட்டத்துக்குள்ள பாஞ்சு பூவையெல்லாம் மிதிச்சுப்புடுது. ஒன்னால ஊரே இப்ப சாமிய ஒத்தக் கையிலதான் கும்பிடுது."

பின்னால் அக்கா விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.