குடைக்காரரை நேரில் பார்த்தவர்

மனிதர்களில் 'அன்னிக்கு நான் அங்க இருந்தேன்' என்றொரு வகை உண்டு. நீங்கள் ஒரு பாடகரை நேற்றுத்தான் கேட்டு, மனம் கொள்ளாத மகிழ்ச்சியோடு அவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். பாதி வாக்கியத்திலேயே ஒரு புன்னகை வரும். வலிக்காது என்று சொல்லும்போது பல் டாக்டர் முகத்தில் வருமே, அதே புன்னகை. "ஓ, இப்பத்தான் கேக்கறீங்களா?" என்பார்கள். அவ்வளவுதான். உங்கள் மகிழ்ச்சி அந்த இடத்திலேயே பழைய சாமானாகிவிடும்.

இந்த வகையில் முதல் தரமான சரக்கு, தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவருடைய பெருஞ்சொத்து ஒரே ஒரு சாயங்காலம். பல வருடங்களுக்கு முன்பு, ஒரு மெத்தைக் கடையின் மாடியில், குடைக்காரர் பாடியதை அவர் நேரில் பார்த்திருக்கிறார். எந்தக் குடைக்காரர் என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் கடை சாத்தும்வரை நகர முடியாது. கூரைக்குக் கீழேயே நாற்காலியில் குடையை விரித்துக் கட்டி, சபைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கிழட்டு ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு சொட்டும் குழாயைப் பற்றியும் தொலைந்த சாவியைப் பற்றியும் பாடிய மனிதர் அவர். பாட்டின் நடுவே சட்டென்று நிறுத்திவிட்டு ஜன்னலருகே போய் நின்றுகொள்வார். அன்றைக்குப் பைத்தியம் என்றார்கள். இப்போது கைபேசிக்குக் கைபேசி அவர் பாட்டு ஓடுகிறது. காலேஜ் பிள்ளைகள் குடைப்படம் போட்ட பனியனோடு திரிகிறார்கள். கடைக்காரருக்கு அது பொறுக்கவில்லை. தன் வீட்டுக் குளியலறை வாசலில் ஊரே வரிசை கட்டி நிற்பதுபோல் இருந்தது.

இதில் ஒரு விசேஷம். அவர் முதன்முதலில் இந்தக் கதையைச் சொன்னபோது அந்த மாடியில் கால் வைக்க இடமில்லை. குடைக்காரரின் புகழ் ஏற ஏற, மாடியிலிருந்து ஆட்கள் இறங்க ஆரம்பித்தார்கள். முதலில் பின்வரிசை காலியானது. பிறகு மெத்தைக் கடை முதலாளியின் சொந்தக்காரர்கள் போனார்கள். ஒரு கல்யாண வீட்டில் மைத்துனரிடம் சொன்னபோது ஒரு கை விரலுக்குள் அடங்கும் கூட்டம்தான் மிச்சம். கடைசியாக வெளியேற்றப்பட்டவர் அவர் மனைவி.

ஆமாம், கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்துதான் போனார்கள். டிக்கெட் வாங்கியதே அந்த அம்மாள்தான். "நானும் வந்தேனே" என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தார். "வந்தே, சரி. உனக்குப் புரியலையே" என்றார் கணவர். அதன்பிறகு அந்த அம்மாள் ஃபிரேம் துடைப்பதில் கவனமாகிவிட்டார்.

ஒரு நாள் காலை, காது மறைய நரைமுடி வளர்த்த பெரியவர் ஒருவர், கால் உடைந்த கண்ணாடியை நூலால் கட்டிக்கொண்டு கடைக்குள் வந்தார். கடைக்காரர் அவரை உட்காரவைத்து, சோதனைக் கண்ணாடியை மூக்கில் மாட்டி, எழுத்துப் பலகையைக் காட்டினார். அந்த நேரம் பார்த்து உள்ளே மனைவியின் கைபேசி ஒலித்தது. குழாய்ப் பாட்டு.

"இப்பல்லாம் எல்லாரும் இதை வெச்சுக்கறாங்க" என்று கடைக்காரர் பெருமூச்சு விட்டார். "நான் இந்தாளை நேர்லயே பாத்தவன்."

"அப்படியா! எப்படி இருந்தது?" என்றார் பெரியவர்.

"சொன்னா உங்களுக்குப் புரியாதுங்க. பாதியில நிறுத்துவாரே, அது சும்மா இல்ல. சத்தத்து மேல அவர் வெச்ச விமர்சனம்."

"ஆர்மோனியத்துல துருத்தி கிழிஞ்சிருந்துச்சு. காத்து நிக்கல. அதான் நிறுத்தினது."

"இப்படித்தான் மேலோட்டமா நினைச்சுக்கறாங்க. தலையை ஆட்டாதீங்க, கீழ்வரியைப் படிங்க."

"சரி, குடை எதுக்காம்?"

"அதிகாரத்துக்கு எதிர்ப்பு."

"கூரை ஒழுகிச்சுங்க."

கடைக்காரருக்கு ரத்தம் தலைக்கேறியது. "நீங்க இருந்தீங்களா அங்க? நான் இருந்தேன்!"

உள்ளேயிருந்து மனைவி சிரித்துவிட்டார். அடக்கிப் பார்த்தும் அடங்காத, மளமளவென்று உருண்டு வரும் சிரிப்பு. பெரியவர் சோதனைக் கண்ணாடியோடு அப்படியே திரும்பினார்.

"இந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்! மெத்தைக் கடை மாடியில, சாவிப் பாட்டுக்கு. மத்தவங்கல்லாம் என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. ஒருத்தங்க மட்டும் பாட்டைக் கேட்டுச் சிரிச்சாங்க. நீங்கதானாம்மா அது?"

அந்த அம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான்தாங்க. ஆனா நீங்க திரும்பிக்கூடப் பாக்கலையே!"

"முதுகைக் காட்டி உக்காந்தவனுக்குக் காதுதானே கண்ணு. உங்க பக்கத்துல ஒரு குறட்டைகூடக் கேட்டுது."

கடைக்காரர் நேராகவே இருந்த எழுத்துப் பலகையை நேராக்கினார்.

"அது குறட்டை இல்ல" என்றார் கடைக்காரர். "லயிப்பு."

குடைக்காரர் கண்ணாடி வாங்கிக்கொண்டு புறப்படும்போது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாடுவதாகச் சொல்லி இருவரையும் கூப்பிட்டார். மனைவி நல்ல புடவையாகத் தேடி எடுத்தார். கணவர் வரவில்லை. "ஒழுகாத ஹால்ல உக்காந்து என்னத்தைப் பாடப்போறார்? நீ போய்ட்டு வா" என்றார்.

மனைவி போனார், வந்தார். சாப்பிடும்போது, "இன்னிக்கு எங்களைப் பாத்து உக்காந்து பாடினாருங்க" என்றார்.

"அப்பவே நினைச்சேன். விலை போயிட்டார்."

அந்த முகம் பாடும்போது எப்படி இருந்தது, சாவிப் பாட்டில் என்ன செய்தார் என்றெல்லாம் கேட்கக் கணவருக்கு நாக்கு துடித்தது. கேட்கவில்லை. கேட்டால், தான் அங்கே இல்லை என்று ஆகிவிடுமே! மனைவியும் மேலே சொல்லவில்லை. பாத்திரம் கழுவும்போது புதுப் பாட்டு ஒன்றைத் தனக்குத்தானே முணுமுணுத்தார். கணவர் சமையலறை வாசலில் தண்ணீர் குடிக்கிற சாக்கில் நின்று, டம்ளர் காலியான பிறகும் நின்று, அதை முழுக்கக் கேட்டார்.

நல்லவேளை, அவமானம் இந்த வகையை அதிக நாள் தாக்குவதில்லை. அடுத்த வாரமே ஒரு வாடிக்கையாளரிடம் அவர் குரல் பழைய கம்பீரத்தில் எழுந்தது: "குடைக்காரரா? அவர் கண்ணையே நான்தான் டெஸ்ட் பண்ணினேன். கடையில அன்னிக்கு அவரும் நானும் மட்டும்தான்." குடைக்காரர் மட்டும் இன்னும் வெளியேற்றப்படவில்லை. பொறுத்திருந்து பார்ப்போம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படித்து முடித்ததும் யாரிடமாவது நீட்டுவீர்கள் அல்லவா? அவர், "அட, நல்லா இருக்கே!" என்று வாய் திறக்கும்போது உங்கள் உதட்டோரத்தைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள். "நான் இதை எப்பவோ படிச்சாச்சு" என்று அங்கே ஒரு புன்னகை கிளம்பிக்கொண்டிருந்தால், உங்களுக்குக் கண்ணாடிக் கடை விலாசம் தேவைப்படாது; அந்தக் கடைக்காரரைப் பார்க்க வீட்டுக் கண்ணாடியே போதும்.