பேர் சொல்லக் கூடாத மருமகனை மீட்ட கதை

வனிமோ,
வியாழக்கிழமை

போர்ட் மோர்ஸ்பியில் இருக்கும் அன்புள்ள அண்ணன் ஒடிலோவுக்கு,

தம்பி பெனதிக் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம், என் மானத்தைத் தவிர. திங்கட்கிழமை எல்லை விவகாரம் பார்க்கும் அதிகாரி முன்னால் கரையில் போட்ட மீன் மாதிரி பத்து நிமிஷம் வாயைத் திறந்து திறந்து மூடினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பிடிபட்டவர் பேர் என்ன?"

என் மகள் லுசிலாவின் புருஷன், எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற நம் சாகோப் பனந்தோப்புக்கு எல்லைச் சாவடி வழியாகப் போகாமல் காட்டுவழியே போய், இந்தோனேசியச் சிப்பாய்களிடம் மாட்டி, ஜயபுராவில் அடைபட்டுக் கிடந்தான். இந்தக் காலத்துப் பையன்களுக்கு வரிசையில் நிற்கப் பொறுமை ஏது! லுசிலாவுக்கோ இந்த வாரம் பிரசவம், அவளை அலைய விடக் கூடாதென்று நானே அதிகாரியிடம் போனேன். அவசரம்தான், ஆனால் நம் வழக்கத்தில் மருமகன் பேரை மாமனார் வாயால் சொல்லலாமா, நீங்களே சொல்லுங்கள்.

"பேர் இல்லாம நான் யாரை மீட்கிறது பெரியவரே?"

"உயரமா இருப்பான் ஐயா. முன்பல்லுல சந்து. தேவையில்லாம சிரிப்பான்."

"உங்க சம்சாரத்தைக் கூப்பிடுங்க."

"அவளும் சொல்லக் கூடாது."

"வாசல்ல பாக்கு விக்கிற அம்மா?"

"அதுவும் நம்ம சொந்தம்தான் ஐயா."

அரசாங்கத்தைக் குறை சொல்லமாட்டேன். அன்றைக்கே ஜயபுராவில் இருக்கும் நம் துணைத் தூதரகத்துக்குப் போன் போட்டு, கடிதம் அனுப்பி, அங்கிருந்து ஒருவர் காவல் நிலையத்துக்கே போய் நான் சொன்ன அடையாளத்தை வைத்து ஆளை மீட்டு, புதன்கிழமை சாவடியில் வண்டியிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார். சுட்ட மீனும் சேப்பங்கிழங்குமாகக் காத்திருந்தோம். சிரித்துக்கொண்டே இறங்கினான், பக்கத்து ஊர் கஸ்பார்! அவனும் அங்கேதான் அடைபட்டிருந்தானாம், ஒரு மாதமாக அவன் பெண்டாட்டி தேடிக்கொண்டிருக்கிறாள். "என்னை நினைச்சுப் பார்க்க நீங்களாவது இருக்கீங்களே மாமா!" என்று அழுதுகொண்டே மீன் முழுவதையும் தின்று தீர்த்தான்.

"அப்பா, நீங்க உதவி பண்ணது போதும்" என்றாள் லுசிலா. இன்று காலை வயிற்றைத் தூக்கிக்கொண்டு அதே அதிகாரியிடம் போய், புருஷன் பேர், அவன் அப்பா பேர், ஊர்ப் பேர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். பேச வேண்டியதையெல்லாம் இரண்டு பக்கத்து அதிகாரிகளும் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள், ஆள்தான் மாறியிருந்தான். மத்தியானம் மருமகன் வந்து சேர்ந்தான். "இனி நிதானமா பெத்துக்கிறேன்" என்கிறாள் மகள்.

அண்ணியையும் பிள்ளைகளையும் ஆண்டவர் அவரவர் எல்லைக்குள் சுகமாக வைத்திருக்கட்டும்.

அன்புத் தம்பி,
பெனதிக்

பி.கு.: "சாவடி வரிசையெல்லாம் வெளியூர்க்காரனுக்குடா, நம்ம தாத்தா போட்ட பாதை இருக்கு, அதுல போ" என்று மருமகனை அனுப்பியது நான்தான். ஏன் காட்டுவழியே போனான் என்று அதிகாரியும் கேட்டார், லுசிலாவும் கேட்டாள். அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அவன் பேரைச் சொல்லாததற்காவது வழக்கம் என்று ஒன்று இருக்கிறது அண்ணா. இதற்கு அதுவும் கிடையாது.