நான்கு அடி ஒப்பந்தம்

நான்காம் நாளாகச் சோப்புத் தண்ணீர் வேலிக்கு அடியில் நுழைந்து தக்காளிச் செடிகளின் வேரில் தேங்கியபோது நாற்காலிக்காரர் மண்வெட்டியைக் கையில் எடுத்தார்.

தெருவே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. பெரிய மாநாட்டு மண்டபத்தில் முப்பத்தைந்து வருடம் நாற்காலியும் மேசையும் சுமந்தவர். வேலிக்கு அந்தப் புறம் குடியிருந்தவரும் அதே மண்டபத்து ஆள்தான். நீள மேசைக்கு இரண்டு பேர் வேண்டும். இவர் ஒரு முனையைப் பிடித்தால் மற்றதை அவர்தான் பிடிப்பார். அதனால் அவர் பெயர் மறுமுனை. இவர் பின்பக்கமாக நடப்பார்; முதுகில் கண் கிடையாது. "படி... இடது... வாசல், குனி" என்று மறுமுனை சொல்லச் சொல்ல இவர் கால் போகும். ஒரு தடவைகூட இடறியதில்லை.

ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. தூக்க மேசை இல்லாமல் போனதும் பேச்சும் இல்லாமல் போனது. சண்டை ஒன்றும் கிடையாது. சும்மாவே நின்றுவிட்டது.

இப்போது தண்ணீர். மறுமுனை வீட்டுக் கழிவுக் குழாய் எங்கோ உடைந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார் நாற்காலிக்காரர்.

நேரே போய்ச் சொல்லிவிட்டு வாருங்களேன் என்றாள் மனைவி. இத்தனை நாள் எட்டிப் பார்க்காதவன் இன்று குறை சொல்ல மட்டும் போகவா என்று கூச்சப்பட்டு அவர் வரப்பு கட்டினார். தண்ணீர் திரும்பிப் போய், மறுமுனை உட்காரும் பலகைக்கு அடியில் குளமாக நின்றது. மறுநாள் அங்கே ஈரச் சருகு எரிந்தது. புகை நேரே வந்து, கொடியில் காய்ந்த துணியில் குடியேறியது. நாற்காலிக்காரர் வேலியோரம் தகரம் நிறுத்தினார். தகரம் புகையை விட்டுவிட்டுக் காற்றை மட்டும் தடுத்தது. சமையலறை உலையாகிவிட்டது.

"தக்காளியக் காப்பாத்தப் போய் என்னை வேக வெச்சிட்டீங்க" என்றாள் மனைவி.

அப்போதுதான் பெட்டியில் கிடந்த தாள் ஞாபகம் வந்தது.

நாற்பத்தெட்டு வயதில் எழுத்துக் கூட்டப் பழகியவர் அவர். மண்டபத்து எழுத்தர் ஒருவர் சாப்பாட்டு வேளையில் சொல்லிக்கொடுத்தார். நாற்காலிக்காரர் முதன்முதலாக முழுசாகப் படித்தது, ஏதோ கூட்டம் முடிந்து யாரோ நாற்காலியில் விட்டுப்போன தாளைத்தான். மழை, வெள்ளம், காற்று, நிலம் எதையும் கெடுத்து ஒரு நாடு இன்னொரு நாட்டின் மேல் ஆயுதமாக ஏவக் கூடாது என்று பல நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம். படித்து முடிக்கப் பதினொரு நாள் பிடித்தது. பதினொரு நாளும் அடுக்கிய நாற்காலிகளின் மேலே, பக்கத்தில் உட்கார்ந்து மறுமுனைதான் கேட்டார். "இதுக்காகவா மேசை தூக்கினோம்? அப்போ பரவால்ல" என்றார் கடைசி நாளில்.

தாளை எடுத்துக்கொண்டு நாற்காலிக்காரர் சுற்றிப் போய்க் கதவைத் தட்டினார். மறுமுனையின் மகள் கதவைத் திறந்தாள்.

பரந்த, நீடித்த, அல்லது கடுமையான சேதம்தான் குற்றம் என்றிருந்தது தாளில். பரந்தது என்றால் பல நூறு சதுர கிலோமீட்டர், நீடித்தது என்றால் சில மாதம் என்று பின்னால் விளக்கமும் இருந்தது.

மறுமுனை கொல்லையை ஒரு பார்வை பார்த்தார். "அப்படின்னா நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேப்பா."

பேசிப் பேசிப் பல நூறு சதுர கிலோமீட்டரை நான்கு அடியாக்கினார்கள். மாதத்தை அரை நாளாக்கினார்கள். தண்ணீரோடு புகையும் தகரமும் சேர்ந்தன. சந்தேகம் வந்தால் இரு தரப்பும் கூடிப் பேச வேண்டும் என்றது கடைசி வரி. பக்கத்து வீட்டுக்கு இது எதற்கு, இந்த வரியை அடித்துவிடலாமே என்றார் நாற்காலிக்காரர்.

"அது இருக்கணும். மத்தத நீ எப்படி வேணா எழுதிக்கோ" என்றார் மறுமுனை.

கையெழுத்துக்கு மேசை வேண்டாமா? மண்டபத்தில் கழித்துப்போட்ட நீள மேசை ஒன்று நாற்காலிக்காரர் வீட்டில் இருந்தது. இவர் பின்பக்கமாக நடந்தார். "படி... இடது... வாசல், குனி." கால் தானாகப் போனது. தகரத்தைக் கழற்றி வேலியைப் பிரித்த இடத்தில், பாதி இங்கே பாதி அங்கே என்று மேசையை இறக்கினார்கள். மறுமுனை தோளைத் தேய்த்துக்கொண்டார். உள்ளங்கையில் கொப்புளம் வேறு. வயதாகிவிட்டது, பாவம் என்று நினைத்துக்கொண்டார் நாற்காலிக்காரர்.

எட்டு நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. புகையும் இல்லை. தக்காளி சிவந்தது. காலையும் மாலையும் அவர் வேலியோரம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். ஒப்பந்தம் இவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மேசையில் தூசி படிந்தது. மனைவி துடைத்தாள், மறுபடி படிந்தது.

ஒன்பதாம் நாள் காலை தண்ணீர் வந்தது. நாடா வைத்து அளந்தார். ஆறு அடி. அப்பட்டமான மீறல்.

நல்ல சட்டையாகத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். தலை வாரினார். சண்டைக்குப் போகிற முகமா இது என்று கேட்டாள் மனைவி. தாளோடு மேசைக்குப் போனால், மறுமுனை முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார். மேசையில் இரண்டு டம்ளர் தேநீரில் ஆவி பறந்தது.

சுமந்துகொண்டு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலிக்காரர் டம்ளரைக் கையில் எடுத்தார். "அந்தக் குழாய ஒரு தடவ சரி பண்ணித் தொலைச்சா என்னப்பா?"

மறுமுனை வானத்தைப் பார்த்தார். கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்த மகள்தான் திரும்பினாள்.

"எந்தக் குழாய், மாமா? அது போன வருஷமே மண்ணு அடைச்சுப் போச்சு. மொத நாள்லேர்ந்து அப்பா வாளியில சுமந்துட்டு வந்துதான் ஊத்தறாரு."