எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் நாடி தப்புகிறது

மதிப்பிற்குரிய உடல்நல மாத இதழ் ஆசிரியர் அவர்களின் மேலான கவனத்துக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தார் அனைவரும் தடையில்லாத ரத்த ஓட்டத்துடன் நலமாக இருக்க விரும்புகிறேன். நான் எடையளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் கடைத்தெருவில் தலையைக் காட்டினாலே பொய்த் தராசுகள் பரணுக்கு ஏறிவிடும். அளப்பதிலும் சரிபார்ப்பதிலும் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற இதழில் தாங்கள் வெளியிட்ட இதயக் கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். மூடிய கையளவே உள்ள ஓர் உறுப்பு, நடுவில் ஒரு சுவர், சுவருக்கு வலப்பக்கம் ஒரு குடித்தனம், இடப்பக்கம் ஒரு குடித்தனம், வலப்பக்கத்தார் அழுக்கு ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்ப, இடப்பக்கத்தார் சுத்தமானதை உடம்பெல்லாம் விநியோகிக்க, இரண்டு வீட்டுக்கும் ஒரு சண்டை கிடையாது, ஒரு நாள் விடுமுறை கிடையாது என்று படித்தபோது, பென்ஷன் வாங்கிக்கொண்டு சாய்வு நாற்காலியில் கிடக்கிற எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் ஓர் அலை ரத்தக்குழாய் வழியாக ஓடிவந்து மணிக்கட்டில் தட்டும், அதை யார் வேண்டுமானாலும் விரல் வைத்துப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தீர்களே, அங்கேதான் ஐயா வினை ஆரம்பித்தது.

முதலில் என் மனைவியின் கையைப் பிடித்தேன். அவள் அடுப்பில் பால் வைத்திருந்தாள். இரண்டு துடிப்பு ஓட்டமாக ஓடிவந்தது, அடுத்ததைக் காணோம், பிறகு ஒன்று ஆடி அசைந்து வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு நாடி தப்புது"ன்னேன். "பால் பொங்குது, கையை விடுங்க"ன்னா. பாலும் பொங்கி, அடுப்பும் அணைஞ்சு, அன்னிக்கு எனக்குக் காபியும் இல்லாமல் போனது தனிக் கதை.

சரி, ஒப்பிட்டுப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது எங்கள் துறையின் பழக்கம். கீழே இருக்கும் தையல்காரரின் கையைப் பிடித்தேன். அதே கோளாறு! லிஃப்ட் பழுது பார்க்க வந்தவரைப் பிடித்தேன், அவருக்கும் அதே. மேல்மாடி டியூஷன் டீச்சர், என் சொந்த மகள், சிலிண்டர் போட வந்த ஆள், ஒருத்தர் பாக்கியில்லை. எல்லாருக்கும் இரண்டு ஓடுது, ஒண்ணு காணாமப் போகுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? எங்க குடியிருப்புத் தொட்டித் தண்ணியில ஏதோ இருக்குங்கிற முடிவுக்கு வந்தேன்.

குடியிருப்போர் சங்கத்தைக் கூட்டச் சொல்லி, எழுந்து நின்று பேசினேன். சங்கச் செயலாளர், அவரை நாங்கள் கண்ணாடிக்காரர் என்போம், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சார், எனக்கு நல்லாத்தான இருக்கு"ன்னார். "கையை நீட்டுங்க"ன்னேன். நீட்டலை. அன்றிலிருந்து என்னைக் கண்டால் ஆண்கள் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொள்கிறார்கள், பெண்கள் இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொள்கிறார்கள். லிஃப்டில் நான் ஏறினால் மற்றவர்கள் இறங்கிப் படியில் போகிறார்கள். நானும் விடுவேனா, பின்னாலேயே படியேறினேன். மூச்சு வாங்கி, நெஞ்சு படபடன்னு அடிச்சு, கண்ணுல பூச்சி பறந்தது. அடுத்தவன் உயிரைக் காப்பாத்தப் போய் என் உயிர் போகுதேன்னு படியிலேயே உக்காந்துட்டேன்.

ஊர் எக்கேடு கெட்டாலும் என் மனைவியை விட்டுவிட முடியுமா? "நீ இல்லாம நான் என்னடி பண்ணுவேன்"னு கேட்டேன். வாக்குவாதத்தில்தான் கேட்டேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். மருத்துவமனையில் அவளுக்கு நெஞ்சில் ஒயர் ஒட்டி, காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தார்கள். சின்ன வயது டாக்டரம்மா, "அம்மாவுக்கு இதயம் அருமையா இருக்கு சார், கடிகாரம் மாதிரி"ன்னாங்க. "உங்க மெஷினைக் கடைசியா எப்ப சரிபார்த்தீங்க? முத்திரை எங்க?"ன்னு கேட்டேன். கேட்டது ஒரு குற்றமா? வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனைவி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். "ஊரெல்லாம் என் மானத்த வாங்கியாச்சா?"ன்னு மட்டும் கேட்டா.

ஐயா, நான் பின்வாங்குகிறவன் இல்லை. மெஷின் தவறு, தண்ணீர் தவறு, கண்ணாடிக்காரர் தவறு. இந்தக் கடிதத்தைத் தாங்கள் எச்சரிக்கையாக முதல் பக்கத்தில் வெளியிட வேண்டும். தவறினால் மேலிடத்துக்குப் போவேன், அங்கும் கேட்காவிட்டால் அதற்கும் மேலிடத்துக்குப் போவேன். என் மனைவி நன்றாகும்வரை ஓயமாட்டேன்.

தங்களுக்கும் தங்கள் வாசகர்களுக்கும் ஒரு துடிப்பும் தப்பாத நீண்ட ஆயுள் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
அளவில் பிசகாத,
எடையளவு ஆய்வாளர் (ஓய்வு)

பின்குறிப்பு: மேலே எழுதியதைத் தயவுசெய்து வெளியிட வேண்டாம். இதை மருத்துவமனைக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பியவன் படியிறங்கும்போதே கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். என் மனைவியும் தையல்காரரும் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார்கள். அதே டாக்டரம்மா. "அன்னைக்கு எப்படிப் பார்த்தீங்க சார்? என் கையில பாருங்க"ன்னாங்க. பிடித்தேன். "கட்டைவிரலையா வெப்பீங்க?" "அதுதானே இருக்கறதுலயே பலமான விரல்?" அவங்க சிரிக்கலை. "கட்டைவிரல்லயே ஒரு ரத்தக்குழாய் துடிக்கும் சார். இந்த நாற்காலியோட கையை அழுத்திப் பிடிங்க"ன்னாங்க.

பிடித்தேன். நாற்காலிக்கும் நாடி தப்பியது.

இத்தனை நாளும் ஊரார் கையைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்தது என் நாடியைத்தான். அந்த ஒயர்களை எனக்கு ஒட்டினார்கள். என் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குகின்றனவாம். ரத்தம் அங்கே தேங்கிக் கட்டியானால், அந்தக் கட்டி புறப்பட்டு மூளைக்குப் போகும் குழாயை அடைத்துவிடுமாம். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா வாய் கோணி, கை கால் விழுந்திருக்கலாம் சார். நல்லவேளை வந்தீங்க"ன்னாங்க. ரத்தம் கட்டாமலிருக்க ஒரு மாத்திரை, துடிப்பை அடக்க ஒரு மாத்திரை. பயமாகத்தான் இருக்கிறது, ஐயா. மறைக்கவில்லை.

கண்ணாடிக்காரர் நேற்று பார்க்க வந்தார், கையை நீட்டியபடியே உள்ளே நுழைந்தார். தண்ணீரில் குறையொன்றும் இல்லை. என் மனைவி டாக்டரம்மாவிடம் முறையாகக் கற்றுக்கொண்டுவிட்டாள். இப்போதும் என் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். எத்தனை வந்திருக்கிறது என்று கேட்டேன்.

"சும்மா இருங்க, எண்ணிக்கிட்டிருக்கேன்" என்கிறாள். எதிரே கடிகாரமே இல்லை. நானும் கையை எடுக்கவில்லை.