பிறை வெட்டுள்ள சவரக் கத்தி

வாகரை
12.07.2009

அன்பு மச்சான் ஜசிந்தனுக்கு,

அத்தான் தோமஸ் எழுதுவது. மேலுதட்டைத் தவிர மற்றப்படி நான் சுகம். கனடாவில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

நீ அனுப்பிய பழங்காலச் சவரக் கத்தி கிடைத்தது. கூடவே வைத்த கடதாசித் துண்டில், "அத்தான், நாலரை வருசம் போதும். பேத்தியின்ட ஞானஸ்நானத்துக்கு முகத்தோட போங்க" என்று எழுதியிருந்தாய். உன் அக்கா றோஸ்மேரியைக் கடல் கொண்டுபோன நாள் தொட்டு வளர்ந்த தாடி. அதை எடு என்று சொல்ல உரிமையுள்ளவன் நீ ஒருவன்தான். வாசித்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். பிறகு தண்ணீர் சுட வைத்தேன்.

முழுதாக எடுக்க மனம் வரவில்லை, ஓரத்தை மட்டும் ஒதுக்குவோம் என்றுதான் தொடங்கினேன். கத்தியின் அலகில் பாய்க்கப்பல் செதுக்கியிருக்கிறது, விரல் வழுக்காமலிருக்க அடியில் வரிவரியாகப் பள்ளம் இருக்கிறது, இதெல்லாம் விளங்கியது. ஆனால் அலகின் நுனியில் பிறை போல ஒரு வெட்டு இருக்கிறதே, அது எதற்கென்று நீ எழுதவில்லை. பக்கத்து வீட்டுக் கதிர்காமத்தம்பி அண்ணர், "முள்ளு எடுக்கத்தான்" என்றார். நானோ மீசை ஓரத்தை அதற்குள் கொடுத்து இழுத்தால் நேராக வருமாக்கும் என்று இழுத்தேன், பாதி மீசை போய்விட்டது, உதட்டிலும் ஒரு பிறை விழுந்தது, சரி மற்றப் பாதியும் போகட்டும் என்று எடுத்தேன், மீசையில்லாத தாடியைப் பார்க்கச் சகிக்காமல் அதையும் எடுத்தேன், ஞானஸ்நானத்தன்று காலை கண்ணாடியில் யாரோ ஒருவர் நின்றார்.

மட்டக்களப்புக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடி. ஆமிக்காரர் என் அடையாள அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பழைய அட்டை சுனாமியோடு போனதால் முகாமில் தாடியோடு எடுத்த படம் அது. "ஐயா, இது நீங்க இல்ல" என்றார். பத்து மணிக்குப் பூசை, பஸ் இரைந்துகொண்டு நிற்கிறது. மருமகனுக்குக் காட்டவென்று பையில் வைத்திருந்த கத்தியைச் சாட்சிக்கு எடுத்தேன், அது இன்னும் மோசமாயிற்று. பிறையைத் தொட்டு, "இது என்னத்துக்கு?" என்றார். உதட்டுக் காயத்தில் பொருத்திக் காட்டினேன், அளவு சரியாக இருந்தது. அப்போதும் அவருக்குப் பாதி நம்பிக்கைதான். பின்னால் நின்ற ஸஹீதா, சந்தைக்குத் தென்னந்தும்பு கொண்டு போகிறவர், ஒரு பிடி தும்பை எடுத்து என் தாடையில் வைத்து, "இப்ப பாருங்க தம்பி" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. ஆமிக்காரரும் சிரித்து, "ஓம், இப்ப நீங்கதான்" என்று விட்டுவிட்டார்.

தும்பைத் தட்டிக்கொண்டு கோயிலுக்குள் நுழையும்போது சுவாமியார் தண்ணீரைக் கையில் எடுத்துவிட்டார். மகள் சர்மிலா என்னை யாரோ என்று பார்த்தாள். பிறகு "அப்பா" என்று குழந்தையை என் கையில் தந்தாள். பெயர் றோஸ்மேரி என்று சுவாமியாருக்குச் சொன்னது நான்தான். குழந்தை என் கன்னத்தில் கை வைத்தது. அந்தக் கை படுவதற்கு இடம் செய்தது உன் கத்தி, மச்சான். நன்றி. இனி ஒவ்வொரு நாளும் சவரம் செய்வேன், இது சத்தியம்.

மாதா உங்கள் எல்லோரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தான் தோமஸ்

பி.கு.: இதைத் தபாலில் போட ஒரு கிழமை பிந்திவிட்டது. புதுப் படத்தோடு அட்டை வர ஆறு மாதமாகுமாம், அதுவரை படத்திலுள்ள ஆளாகவே இருக்கும்படி கிராம சேவகர் சொல்கிறார். ஆகவே கத்தி பெட்டிக்குள், தாடி வெளியே. நீ கவலைப்படாதே. முந்திய தாடி உன் அக்காவுக்காக வளர்ந்தது. இது அரசாங்கத்துக்காக வளர்கிறது.