மைக் பிடிக்கும் தாய்மாமனின் சொந்த வைத்தியம்

எங்கள் வீட்டுக்கு மூத்தவரும், சிறுவயதில் என்னைத் தேடித் தேடியே கால் தேய்ந்தவருமான அசில்கான் அக்காவுக்கு, ஓஷ் நகரிலிருந்து தம்பி சாகின்பெக் ஸலாம் சொல்லி எழுதுவது. இறைவன் அருளால் நான், மைராம்குல், பிள்ளைகள், பசு எல்லோரும் சௌக்கியம். பிஷ்கெக்கில் அத்தானின் முழங்காலும் உங்கள் ரத்த அழுத்தமும் சொன்ன பேச்சைக் கேட்டு நடந்துகொள்கின்றன என்று நம்புகிறேன். நிற்க. இந்தச் சொல்லை எழுதியதும் நான் உண்மையிலேயே எழுந்து நின்று, ஜன்னல் வரை போய், பக்கத்து வீட்டுக்காரன் செம்மறி ஆட்டைக் காரின் பின்சீட்டில் ஏற்றப் படும் பாட்டைப் பார்த்து, அவனுக்கு இரண்டு யோசனை சொல்லிவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறேன். இதை நோய் என்று யாராவது சொன்னால் சிரிப்பு வருமா வராதா?

போனிலேயே பேசியிருப்பேன், ஆனால் என் பெயரைப் பார்த்தாலே நீங்கள் இணைப்பைத் துண்டித்துவிடுகிறீர்கள். அதனால் பேனா. எழுதி முடித்ததும் மைராம்குல் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்புவாள். விஷயம் இதுதான். புருல்சாவின் கல்யாணத்தில் மைக் பிடிக்க அங்கேயே வேறொருவனைப் பேசிவிட்டீர்களாமே? மினுமினுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ரஷ்ய மொழியிலும் ஜோக்கடிப்பானாமே? அக்கா, ஓஷ் முழுக்கக் கல்யாணம், சுன்னத்து, பிறந்தநாள் விருந்து என்று எதற்கும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். எந்தச் சம்பந்தியை எப்போது பேச எழுப்ப வேண்டும், எந்தப் பெரியவர் தட்டுக்கு ஆட்டின் எந்த எலும்பு போக வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். சொந்த அக்கா மகளின் கல்யாணத்தில் தாய்மாமன் ஓரமாக உட்கார்ந்து கறி தின்ன, மினுமினுப்புச் சட்டை வந்து மணப்பெண்ணை அழைப்பதா? ஜனங்கள் என்ன பேசுவார்கள்?

என் உடம்பைப் பற்றிப் புருல்சா உங்களிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள் என்று தெரிகிறது. அவள் மனநல மருத்துவர், படித்தவள், அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நடந்ததை என் வாயாலும் கேட்க வேண்டும். நௌரூஸ் பண்டிகைக்கு வந்திருந்தாளே, அன்று நான் தேநீர் ஊற்றிக்கொண்டு குழாயைச் சரிபார்க்கப் போனேன், குழாயைக் கழற்றும்போது கேட்டுக்குப் பெயிண்ட் வாங்கி வைத்தது நினைவுக்கு வந்தது, பாதிக் கேட் முடிந்ததும் ஒரு கல்யாண வீட்டுச் சம்பந்தி போன் செய்தார், பேசிக்கொண்டே இன்னொரு கோப்பைத் தேநீர் ஊற்றினேன். குழாயிலிருந்து தண்ணீர் கூடம் வரைக்கும் வந்துவிட்டது. மைராம்குல் வழக்கம்போலக் கத்தத் தொடங்கினாள். நான் வழக்கம்போல நாஸ் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு சிட்டிகை பச்சைப் புகையிலைத் தூளை நாக்குக்கு அடியில் வைத்தேன். உடனே தலைக்குள் இரைந்துகொண்டிருந்த சந்தை கடையைச் சாத்தியது போல அடங்கிற்று. குழாயையும் மாட்டினேன், கேட்டையும் முடித்தேன். புருல்சா இதையெல்லாம் ஒரு மூலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்து கேட்டாள்:

"மாமா, இந்தக் கண்றாவிய எப்ப ஆரம்பிச்சீங்க?"

"பட்டாளத்துலம்மா. காவலுக்கு நின்னா நிக்க முடியாது, நடந்துருவேன். ஃபெர்கானாக்காரன் ஒருத்தன் ஒரு சிட்டிகை குடுத்தான். அன்னைக்குத்தான் என் வாழ்க்கையில மொத தடவை ஒரு எடத்துல நின்னேன்."

"அப்படின்னா நீங்க இதைப் போதைக்குப் போடல மாமா. மருந்தாப் போடுறீங்க."

அக்கா, என் நெஞ்சு எப்படிக் குளிர்ந்தது என்று நினைக்கிறீர்கள்! இத்தனை காலமாக மைராம்குல் எச்சில் துப்புகிற கழுதை என்று திட்டியதற்கு ஒரு டாக்டரே தீர்ப்புச் சொல்லிவிட்டாளே. "கேட்டுக்கிட்டியா? மருந்தாம்!" என்று சமையலறைப் பக்கம் கத்தினேன். "மருந்துன்னா மருந்துக் கடையில வாங்கு, மாட்டுச் சந்தையில ஏன் வாங்குற?" என்று அங்கிருந்து பதில் வந்தது. புருல்சா அதற்கு மேலும் நிறையச் சொன்னாள். கவனச் சிதறல் குறைபாடு என்று இருக்கிறதாம், பிறவியிலேயே வருவதாம், சோம்பேறித்தனமோ திமிரோ இல்லையாம், நிறைய பேர் தெரியாமலேயே சிகரெட்டு, காப்பி என்று தங்களுக்குத் தாங்களே வைத்தியம் பார்த்துக்கொள்கிறார்களாம். பிறகு போனில் விளக்குப் போட்டு என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. நாக்கின் அடியில் வெள்ளையாக ஒரு திட்டு. "இந்த மருந்து உங்களத் தின்னுக்கிட்டு இருக்கு மாமா. நிறுத்துங்க. பிஷ்கெக் வாங்க, என்கூட வேலை பாக்குற டாக்டர் ஒருத்தர் பார்ப்பார்." அந்தத் திட்டை மறுநாளே இங்கே பல் டாக்டரிடம் காட்டினேன். நாஸை விட்டால் ஆறிவிடும், விடாவிட்டால் பேச்சே வேறு என்றார். விட்டுவிட்டேன். வாய் எனக்குத் தொழில் இல்லையா?

இங்கேதான் நான் மூளையைப் பயன்படுத்தினேன். நாஸ் மருந்து, அதை நானே கண்டுபிடித்தேன் என்றால், அடுத்த மருந்தையும் நானே கண்டுபிடிக்க முடியாதா? எதற்கு பிஷ்கெக், எதற்கு டாக்டர்? முதலில் கறுப்புத் தேநீரைக் கஷாயம் போலக் காய்ச்சிக் குடித்தேன். தலை தெளிந்தது, ஆனால் ஒரு கல்யாணத்தில் நான் கழிப்பறைக்கும் மேடைக்கும் நடந்துகொண்டிருந்த நேரத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா மைக்கைப் பிடித்துக்கொண்டு தன் ஏழு தலைமுறைப் பாட்டன்மார் பெயரையும் அவர்கள் வைத்திருந்த குதிரைகளின் பெயரையும் சொல்லத் தொடங்கி, கறி ஆறிப்போய்க் கொழுப்பு உறைந்துவிட்டது. சரி என்று சூரியகாந்தி விதைக்கு மாறினேன். விதை உடைக்கும் சத்தம் மைக்கில் துப்பாக்கிச் சூடு போலக் கேட்கிறது என்றார்கள். பிறகு மருந்துக் கடையில் நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கினேன். அருமையான பொருள், அக்கா, ஆனால் அலாய் மலையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் இரு கையையும் ஏந்தி மணமக்களுக்கு ஆசி சொல்லிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்திவிட்டார். "நான் அல்லாகிட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன், நீ என்னடா என் மூஞ்சிக்கு நேரா மாடு மாதிரி அசை போடுற?" மண்டபமே என் தாடையைப் பார்த்தது. விழுங்கிவிட்டேன்.

அடுத்துதான் நுர்காசி அண்ணனின் எழுபதாம் வயது விழா. அத்தானின் சொந்த அண்ணன் விழா என்பதால் கொஞ்சமும் பிசகக் கூடாது என்று தோளில் நிக்கோட்டின் பட்டை ஒட்டி, கன்னத்தில் சூயிங்கம் ஒளித்து, தேநீர்க் கஷாயம் குடித்து, காப்பிப் பொடியையும் வெறும் வாயில் போட்டுக்கொண்டேன். இதயம் பந்தயக் குதிரை மாதிரி ஓடியது. அவ்வளவு தெளிவு! தூரத்து மேசையில் யார் யாரைக் கிள்ளுகிறார்கள் என்பது வரை தெரிந்தது. முந்தைய நாள் வேறொரு வீட்டில் நினைவுநாள் விருந்து நடத்தியிருந்தேன் என்பது மட்டும்தான் குறுக்கே வந்துவிட்டது. மைக்கைப் பிடித்து, குரலைத் தாழ்த்தி, "மறைந்த நம் அன்பு நுர்காசி அவர்கள்" என்று தொடங்கினேன்.

நுர்காசி அண்ணன் தலையைத் தூக்கினார். "நான் செத்துட்டேனா? அப்ப இந்தக் குதிரைக் கறியத் தின்னுக்கிட்டு இருக்கறது யாருடா?"

அத்துடன் போயிருக்கும். ஆனால் ஓரத்தில் அவருடைய காது கேளாத அத்தை உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்துவிட்டார். நல்ல குரல். சொற்களும் அபாரம். நுர்காசி அண்ணன் எதிரே போய் நின்று, "அத்தே, நான் இங்கதான் இருக்கேன்" என்று கத்த, "உன் சாயல்லயே ஒரு பிள்ளை இருக்கானே, அவனைப் பார்த்தாவது ஆத்திக்குவேன்" என்று அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு இன்னும் பலமாக அழுதார். இதைத்தான் யாரோ வீடியோ எடுத்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

ஆனால் அக்கா, பார்க்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நுர்காசி அண்ணன் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறார், தன் சாவுக்கு யார் அழுதார்கள், யார் தட்டை விட்டுக் கையை எடுக்கவில்லை என்று உயிரோடு பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? நானும் பாடம் கற்றுக்கொண்டேன். அளவுதான் தவறு, வைத்தியம் தவறில்லை. பட்டையை எறிந்துவிட்டேன். இப்போது காலையில் ஆக்-பூரா ஆற்றில் தலையை முக்குகிறேன், வாதுமைக் கொட்டையைத் தேனில் ஊறவைத்து மெல்லுகிறேன், மேடை ஏறும் முன் அம்மோனியாவில் நனைத்த பஞ்சை ஒருமுறை முகர்ந்து பார்க்கிறேன். கண்ணில் நீர் வருகிறது, ஜனங்கள் அதை உருக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். போன கல்யாணத்தில் ஒரு தவறும் இல்லை. மணமகளை அவள் அக்கா பெயரால் கூப்பிட்டேன், அவ்வளவுதான், அந்த அக்காவுக்கும் சந்தோஷம். ஆகவே நான் பூரண குணமடைந்துவிட்டேன், எந்த டாக்டரும் தேவையில்லை, மினுமினுப்புச் சட்டையை நிறுத்திவிட்டு மைக்கை எனக்கே தரவும்.

அத்தானுக்கு என் ஸலாம். நுர்காசி அண்ணன் அங்கே வந்தால் அவருக்கும் ஸலாம், ஆயுளுக்கான பிரார்த்தனையும். உங்கள் வீட்டு விரிப்பில் ரொட்டி தீராமல், தேநீர்க் கெட்டில் ஆறாமல், வாசலில் செருப்புக் கூட்டம் குறையாமல் இருக்கட்டும்.

உங்கள் அன்புத் தம்பி,
சாகின்பெக்

பி.கு.: மேலே உள்ளதை எழுதிவிட்டுச் சந்தைக்குப் போனேன். திரும்பினால் சமையலறையில் புருல்சா. இங்கே மருத்துவர்கள் கூட்டம் ஏதோ இருந்ததாம், விமானத்துக்கு முன் எட்டிப் பார்க்க வந்தாளாம். கடிதத்தை நான் மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். கடைசிப் பக்கம் அவள் கையில். விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள், கண் சிவந்திருந்தது. பிறகு பார்த்தால் சிரித்ததால் மட்டும் சிவந்ததாகத் தெரியவில்லை.

"நல்லா எழுதியிருக்கீங்க மாமா. நானும் இப்படித்தான் இருந்தேன்."

"நீ எப்படி இருந்த?"

"படிக்கிறப்போ பரீட்சைக்கு முன்னாடி ஹாஸ்டல் மாடியில நின்னு சிகரெட்டா ஊதித் தள்ளுவேன். காப்பி குடிச்சுக் கை நடுங்கும். அது இல்லாம ஒரு பக்கம் படிக்க முடியாது. அம்மா என்னைத் திமிரு பிடிச்சவள்னு நெனச்சாங்க. எங்க பேராசிரியரம்மா ஒருத்தங்கதான் கண்டுபிடிச்சாங்க. எனக்கும் இருக்கு மாமா. நான் மருந்து எடுத்துக்குறேன்."

சந்தைப் பையைக் கீழே வைத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தேன், உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை, அக்கா. ஓஷ் நகரில் யாரைக் கேட்டாலும் இது நடக்காத காரியம் என்பார்கள்.

"ஏம்மா என்கிட்ட அப்பவே சொல்லல?"

"உங்ககிட்ட சொன்னா அடுத்த நிமிஷமே அம்மாவுக்குப் போயிருமே."

"சத்தியமா சொல்ல மாட்டேன்."

"இல்ல மாமா, இப்ப சொல்லுங்க. எனக்குத்தான் இத்தனை வருஷமா வாய் வரல. நீங்கதானே மைக் பிடிக்கிறவரு."

ஆகவே சொல்கிறேன். உங்கள் மகள் திமிர் பிடித்தவள் இல்லை. அவள் என் ரத்தம். உங்களுக்கு இது முதல் செய்தி, திட்ட வேண்டுமென்றால் என்னைத் திட்டுங்கள், எனக்குப் பழக்கம். அவள் சொன்ன டாக்டரைப் பார்க்க வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். மினுமினுப்புச் சட்டையே மைக் பிடிக்கட்டும். அவள் முகத்திரை போட்டு வாசலைத் தாண்டும்போது நான் அவள் கையைப் பிடித்து ஆசி சொன்னால் போதுமாம், வேறு யாரும் சொல்லக் கூடாதாம். மேலே எழுதியவற்றில் ஸலாமையும் ஆசியையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள்.

"மருந்து சாப்பிட்டா எல்லாம் சரியாயிருமா?" என்று அவளைக் கேட்டேன். "பெரும்பாலும்" என்று சொல்லிவிட்டு அவசரமாக டாக்சி ஏறினாள். டாக்சி திரும்பிய பிறகுதான் மைராம்குல் வாசலைக் காட்டினாள். அங்கே புருல்சாவின் கறுப்பு ஷூ ஒன்றும், மைராம்குலின் பழுப்பு ஷூ ஒன்றும் ஜோடியாக நின்றன. விமான நிலையத்தில் உங்கள் முன்னால் வந்து நிற்கும்போது அவள் காலைப் பார்க்காதீர்கள், அக்கா. முதலில் கட்டிக்கொள்ளுங்கள்.