டேங்குக்கு அம்மை

"சார், இதுவும் போச்சு" என்றான் ஹரீஷ்குமார்.

முனிவேல் குனிந்து பார்த்தார். பெயின்டைக் காயவைக்கிற ஓவனிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த பைக்கின் பெட்ரோல் டேங்க். சிவப்பு நிறம், முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. அந்தப் பளபளப்புக்கு நடுவே கடுகு கடுகாகக் குழிகள். வண்டியில் உட்காருகிறவன் கண் முதலில் விழுகிற இடத்திலேயே விழுந்திருந்தன, பாவிக் குழிகள்.

அதற்கு இங்கிலீஷில் என்னவோ பெயர் உண்டு. ஓசூர் சிப்காட்டில் அந்த லைனில் வேலை செய்கிறவர்கள் 'அம்மை' என்பார்கள். டேங்குக்கு அம்மை போட்டுவிட்டால் அதைத் தேய்த்து, மறுபடி பெயின்ட் அடித்து, மறுபடி ஓவனுக்குள் அனுப்ப வேண்டும்.

அம்மை எதனால் வருகிறது என்பது அங்கே வேலைக்குச் சேரும் முதல் நாளே சொல்லித்தருகிற பாடம். தலைக்குப் பூசுகிற சீரம், ஜெல், ஸ்ப்ரே எல்லாவற்றிலும் சிலிக்கோன் என்று ஒரு வழுக்கல் சாமான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பொட்டு பட்டால் போதும், பெயின்ட் அந்த இடத்தில் ஒட்டமாட்டேன் என்று ஒதுங்கிக்கொள்ளும். அதனால் பெயின்ட் ஷாப்புக்குள் யாரும் தலையில் எதையும் பூசிக்கொண்டு வரக்கூடாது. சட்டம் அவ்வளவுதான். அதைக் காப்பாற்ற வேண்டியவர் ஷிப்ட் இன்சார்ஜ் முனிவேல்.

மேனேஜர் மாதவன் கூப்பிட்டனுப்பினார்.

"ஆடி பாதியில ஆரம்பிச்சது முனிவேல், இன்னும் நின்னபாடில்ல. அதுவும் உங்க ஷிப்ட்ல மட்டும். ஆயுத பூஜைக்கு முன்னாடி வண்டி கம்பெனிக்காரங்க ஆடிட்டுக்கு வர்றாங்க. அவங்க கண்ணுல ஒரு அம்மை பட்டுச்சுன்னா, நீங்க கிருஷ்ணகிரி குடோனுக்குப் போயி அட்டைப்பெட்டி அடுக்க வேண்டியதுதான்."

"என் ஷிப்ட்லதான் சார் சின்னப் பசங்க ஜாஸ்தி. எல்லாம் எதையாவது பூசிகினு வருதுங்க. நான் பாத்துக்கறேன்."

தன் தலையில் எதையும் பூசுவதில்லை என்பதில் முனிவேலுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. நாற்பத்தெட்டு வயதிலும் அவர் தலையில் முடி கருகருவென்று மினுமினுத்தது. போர்வெல் தண்ணீரில் குளித்துக் குளித்து ஊரே முடி கொட்டிப் புலம்பிக்கொண்டிருக்க, அவர் மட்டும் குளிக்கிற சோப்பையே தலைக்கும் போட்டுத் தேய்த்துவிட்டு வருவார். கேட்டால், "பரம்பரை" என்பார்.

மறுநாள் உடைமாற்றும் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆண்கள் ஒவ்வொருவராக அவர் முன்னால் வந்து தலையைக் குனிந்து காட்ட வேண்டும். முனிவேல் விரலை விட்டுக் கோதிப் பார்த்து, மோந்தும் பார்த்தார்.

ஹரீஷ்குமார் தலை முள்ளம்பன்றி மாதிரி நின்றது.

"இன்னாடா இது?"

"ஜெல் சார். சாயங்காலம் அத்தை பொண்ணு பர்த்டேக்குப் போவணும்."

"அதுக்குக் காலையிலேயே நட்டுக்கினு வருவியா? போ, குழாய்ல தலையைக் காட்டு."

அவனையும் இன்னும் சிலரையும் குழாயடிக்கு அனுப்பினார். ஜெல் போயிற்று. ஆனால் துண்டு கொண்டுவர யாருக்குத் தோன்றும்? சொட்டச் சொட்டத் தலையோடு உள்ளே போனார்கள். அன்றைக்கு டேங்குகளில் அம்மை அப்படியே இருந்தது, பக்கத்தில் தண்ணீர்த் திட்டும் சேர்ந்துகொண்டது.

அடுத்து பெண்கள். அவர்கள் தலையைத் தொடக்கூடாது அல்லவா? பைகளைத் திறந்து காட்டச் சொன்னார். ஸ்வாதியின் பையில் சீரம் பாட்டில் அகப்பட்டது.

ஸ்வாதி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிறாள். டெம்பரரி. ஆயுத பூஜை அன்று பர்மனென்ட் லெட்டர் கொடுக்கப்போகிறவர்கள் பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. ஊரில் அப்பாவிடம் சொல்லி, அவர் தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது.

"இது இன்னா?"

"லீவு நாள்ல போடுதது சார். ஹாஸ்டல்ல வச்சா எல்லாரும் எடுத்துப் போட்டுத் தீத்துருதாக. அதான் பையிலயே வச்சிருக்கேன்."

முனிவேல் மூடியைத் திறந்து மோந்தார். அவர் முகம் மாறியது.

"இதே வாசம்தான்! ரெண்டு மாசமா லைன்ல எங்க போயி நின்னாலும் இந்த வாசம் அடிக்குது. பெயின்ட் பூத்துல அடிக்குது, ஓவன்கிட்ட அடிக்குது, நான் உக்கார்ற கேபின்ல கூட அடிக்குது."

"உங்க கேபினுக்கு நான் வந்ததே இல்லியே சார்!"

"எதிர்ப் பேச்சு பேசாத."

எச்சரித்து அனுப்பினார். அம்மை நிற்கவில்லை. எல்லாத் தலையையும் ஒரேயடியாகச் சுத்தம் பண்ணிவிடுவது என்று முடிவு செய்து, ஜூஜுவாடி மொத்தக் கடையிலிருந்து தன் கைக்காசில் ஒரு பெட்டி ஷாம்பூ வாங்கிவந்தார். ஆளுக்கு ஒரு பாட்டில்.

"நாளைக்கு எல்லாரும் இதைப் போட்டுத் தலை முழுவிட்டு வரணும். சாக்குப்போக்கு சொல்லக்கூடாது."

மறுநாள் பெயின்ட் ஷாப்பில் எல்லார் தலையும் பட்டாக மின்னியது. டேங்குகளுக்கு அம்மை வாரி இறைத்தாற்போல் போட்டிருந்தது. பெயின்ட் சப்ளை செய்கிற கம்பெனி ஆள் வந்து பாட்டிலைத் திருப்பிப் படித்துவிட்டு, முனிவேலை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"முடி பட்டு மாதிரி இருக்கும்னு போட்டிருக்கானே, எதை வச்சு சார் பட்டு மாதிரி ஆக்கறான்? இதுலயே சிலிக்கோன் இருக்கு. யார் வாங்கிக் குடுத்தது?"

முனிவேல் ஓவனைப் பார்த்தார். மாதவன் முனிவேலைப் பார்த்தார்.

சரி, இயற்கைதான் நல்லது என்று சீயக்காய்க்கு மாறினார். மத்தூர்ச் சந்தையிலிருந்து நயமான சீயக்காய்த்தூள் வரவழைத்துக் கொடுத்தார். ஹாஸ்டல் பெண்களுக்கும் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன்களுக்கும் காலையில் கிடைப்பது அரை வாளித் தண்ணீர். அதில் சீயக்காய் எங்கே அலசிப் போகும்? காய்ந்த தலையிலிருந்து தூள் உதிர்ந்தது. இப்போது குழிகளுக்கு இடையிடையே மேடுகளும் முளைத்தன.

"அம்மைக்கு மேல வேர்க்குருவும் வந்துடுச்சு சார்" என்றான் ஹரீஷ்குமார். சிரிக்காமல் சொன்னதுதான் முனிவேலுக்கு ஆத்திரம்.

அதற்குப் பிறகு அவர் யாரையும் நம்பவில்லை. கேபினில் உட்காருவதையே விட்டுவிட்டார். பூத்துக்குள் நுழையும் ஒவ்வொரு டேங்கையும் தானே குனிந்து, மூக்கு உரசும்படி பார்த்தார். தலையில் மாட்டும் துணிக்குல்லா கண்ணை மறைக்கிறது என்று அடிக்கடி கழற்றி, தலையைச் சொறிந்து யோசித்து, மறுபடி மாட்டிக்கொண்டார். அவர் பார்க்கப் பார்க்க அம்மை கூடியது. கூடக் கூட அவர் இன்னும் உன்னிப்பாகப் பார்த்தார். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கத்தில் மட்டும் குறையில்லை.

ஆடிட்டுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஸ்வாதியைக் கூப்பிட்டார்.

"திங்கக்கிழமையிலேருந்து நீ பேக்கிங்குக்குப் போ."

"சார், சத்தியமா நான் ஒண்ணும் போடல. பேக்கிங்குக்குப் போனா லெட்டர் வராதுன்னு எல்லாரும் சொல்லுதாக."

"அம்மை நிக்குதான்னு பாப்போம். அப்புறம் பேசலாம்."

அவள் அழுதுகொண்டே போனாள். முனிவேலுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் கிருஷ்ணகிரி குடோனின் தகரக் கூரை கண் முன்னால் வந்து நின்றது.

அன்று மாலை வீட்டுக்கு வந்து மனைவி ருக்மணியிடம் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை நம்ம முனீஸ்வரன் கோயிலுக்குப் போயி மொட்டை அடிச்சுக்கப் போறேன். வேண்டிகினேன்."

ருக்மணி கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டாள்.

"மொட்டையா? வேணாங்க!"

"ஏன்?"

"சாமிக்கு வேற எதுனா செய்யலாங்க. கோழி அறுக்கலாம். கெடாவே வெட்டலாங்க, என் தோட்டை வெச்சாவது வாங்கறேன். முடி மட்டும் வேணாம்."

"முடிதானே, வளந்துடும்."

"வளந்துடுமா? எப்பிடிங்க வளரும்? உங்களுக்கு இன்னா தெரியும் அதோட கஷ்டம்?"

முனிவேலுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் முடிமேல் இவளுக்கு இவ்வளவு ஆசை என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

ஞாயிறு காலையில் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். சானமாவு காட்டோரம் யானை நிற்கிறது என்று வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். "பாருங்க, சாமிக்கே இஷ்டமில்ல, திரும்பிடலாம்" என்றாள் ருக்மணி. யானை அந்தப் பேச்சைக் கேட்காமல் காட்டுக்குள் போய்விட்டது.

கோயிலில் கத்தியோடு காத்திருந்தவர் நாராயணப்பன், கன்னடம் கலந்து பேசுகிறவர். முனிவேலின் தலையைத் தண்ணீரில் நனைத்துவிட்டுக் கையைப் பார்த்தார்.

"யாக்கே சார், தண்ணி நிக்கவே மாட்டேங்குது? ஓடுது."

"பரம்பரை முடிப்பா அது. ஆவட்டும், சீக்கிரம்."

முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. ருக்மணி ஒவ்வொரு கொத்துக்கும் ஒருதரம் மூக்கைச் சிந்தினாள்.

திங்கட்கிழமை முனிவேல் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பூத்துக்குள் நுழைந்தார். முதல் டேங்க் வந்தது. குனிந்து பார்த்தார். அம்மை இல்லை. அடுத்ததிலும் இல்லை. மாலை வரை ஒரு டேங்கில்கூட ஒரு பொட்டு இல்லை. மாதவன் கீழே இறங்கிவந்து தானே தடவிப் பார்த்துவிட்டு, முனிவேலின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஆடிட்டுக்கு வந்தவர்கள் டேங்குகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் கேன்டீன் பஜ்ஜியைக் குறை சொல்லிவிட்டுப் போனார்கள்.

இப்போது கம்பெனி முழுக்க ஒரே பேச்சு. பாதிப் பேர் முனீஸ்வரன் மகிமை என்றார்கள். மீதிப் பேர், "ஸ்வாதி போனா, அம்மையும் போச்சு" என்றார்கள். முனிவேல் இரண்டையும் மறுக்கவில்லை. ஸ்வாதி கேன்டீனில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். ஊருக்குப் போன் பண்ணுவதையும் நிறுத்திவிட்டாள்.

ஆயுத பூஜை வந்தது. மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்தாயிற்று. குடும்பத்தோடு எல்லாரும் பொரிப் பொட்டலமும் கையுமாக ஷெட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் முனிவேலுக்கு மாதவன் சால்வை போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்தார்.

"பெருமைக்குச் சொல்லல" என்று முனிவேல் பெருமையாக ஆரம்பித்தார். "ஒரு தலை, ஒரே ஒரு தலை பண்ண தப்புனால நம்ம கம்பெனி பேரே கெட இருந்துச்சு. அந்தத் தலை இதோ இந்த ஷெட்டுலதான் இருக்குது. அது யாருதுன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

எல்லாத் தலைகளும் ஸ்வாதி பக்கம் திரும்பின. அவள் பொரிப் பொட்டலத்தைக் கசக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"நான் மன்னிச்சுட்டேன். வேலையை விட்டு எடுக்க வேணாம். ஆனா மேனேஜர் சாரை ஒண்ணு கேட்டுக்கறேன். அந்தத் தலைக்கு இந்த வருசம் பர்மனென்ட் லெட்டர் வேணாம். ஒழுக்கம் வரட்டும், அடுத்த வருசம் பாக்கலாம். நம்ம தலை சுத்தமா இருந்தாத்தான் மத்தவங்க தலையைப் பத்திப் பேச முடியும். அதுக்குத்தான் நானே மொட்டை போட்டுகினேன்."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. மாதவன் மேஜைமேல் இருந்த லெட்டர்களில் ஒன்றைத் தனியே எடுத்து வைத்தார். பிறகு முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ருக்மணியைப் பார்த்துவிட்டார்.

"பாருங்க, அம்மா இன்னும் அழறாங்க. வீட்டுக்காரர் இவ்வளவு பெரிய தியாகம் பண்ணியிருக்காரு, நீங்க சந்தோஷப்பட வேணாமா? வாங்கம்மா, ரெண்டு வார்த்தை பேசுங்க."

யாரோ மைக்கை அவள் வாய்க்கு நேராக நீட்டினார்கள். முனிவேல் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு புன்னகை செய்தார். ருக்மணிக்கு அடக்கி வைத்திருந்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"எப்பிடி சார் சந்தோஷப்படறது? தலையில எதுவும் பூசமாட்டேன்னு அடம் புடிக்கிற மனுசனுக்கு, ஆடித் தள்ளுபடியில சீரம் வாங்கியாந்து, தினம் அவரு குறட்டை விட்டப்புறம் அவருக்கே தெரியாம தேய்ச்சுத் தேய்ச்சு நான் வளத்த முடி சார் அது!"